12 வோல்ட்டா, 18 வோல்ட்டா? எட்டு மாதத்துக்குப் பிறகு ஒரு புதுப்பிப்பு

பட்டறைக்கும் தோட்டத்துக்கும் சேர்த்து எந்த பேட்டரி ட்ரில், கிரைண்டர் வாங்கலாம் என்று போன ஆடியில் கேட்டிருந்தேன். பலர் சொன்னபடி 18 வோல்ட்டில், எல்லாக் கருவிக்கும் ஒரே பேட்டரி பொருந்தும் வரிசையாக எடுத்தேன். நல்ல முடிவு.

கடைக்காரர் "20 வோல்ட் மேக்ஸ்" கூடுதல் பலம் என்றார். அப்படி இல்லை. இரண்டு பேட்டரிக்குள்ளும் ஒன்றன்பின் ஒன்றாக இணைத்த 5 செல் (சின்ன மின்கலம்)தான். செல்லுக்கு 3.6 வோல்ட் என்று கணக்கிட்டால் 18, முழு சார்ஜில் சுமார் 4 என்றால் 20.

நான் தவறவிட்டது ஆம்பியர்-அவர் (ஏஎச்), அதாவது பேட்டரி எவ்வளவு மின்சாரம் தேக்கும் என்ற அளவு. 2 ஏஎச் பேட்டரியைப் போட்டு ஆங்கிள் இரும்பு அறுத்தபோது கிரைண்டர் திணறி நின்றது, பேட்டரியும் கொதித்தது. கருவிதான் கோளாறு என்று நினைத்தேன். 4 ஏஎச் போட்டதும் அதே கிரைண்டர் சீராக ஓடியது. அதில் 10 செல், இரண்டு இரண்டாகப் பக்க இணைப்பில் (பேரலல்) சேர்த்திருப்பதால் ஒவ்வொன்றின் மேலும் பாதிச் சுமைதான். சிறியதை இப்போது ட்ரில்லுக்கு மட்டும் வைத்திருக்கிறேன், கை வலிப்பதில்லை.

முருங்கைக் கவாத்துக்குச் சின்ன செயின்சா அருமை. ஆனால் மோட்டார் ரூம் தகரக் கூரைக்கு அடியில் பேட்டரியை விட்டுவிடாதீர்கள். சூடு ஆயுளைக் குறைக்கும், ஆறும்வரை சார்ஜரும் ஏற்காது. ரொம்ப நாள் வேலை இல்லை என்றால் பாதி சார்ஜில் நிழலில் வையுங்கள். அப்புறம், பிளேடு மாற்றும் முன் பேட்டரியைக் கட்டாயம் கழற்றுங்கள்.

நாள் முழுக்க அறுக்கும் வேலைக்கு மட்டும் பழைய ஒயர் கிரைண்டரையே வைத்திருக்கிறேன்.