சத்தமே இல்லாத ஸ்போர்ட்ஸ் காரில் என்ன சுகம்?

கார்பரேட்டர் காதலன்:
இந்த மன்றத்தின் வேறொரு இழையில் ஒருவர் போகிறபோக்கில் எழுதியிருந்தார்: “மின்சார ஸ்போர்ட்ஸ் கார்கள் இந்த வேகத்தில் பறக்கும்போது பழைய காரோடு மாரடிப்பது வெறும் ஏக்கம்தான்.” அங்கே சண்டை போட்டால் இழை திசைமாறிவிடும் என்று இங்கே வந்தேன்.

என்னிடம் இருப்பது 1960களில் வந்த எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். 1.8 லிட்டர் இன்ஜின், நூறு குதிரைசக்திகூட முழுசாகத் தேறாது. கியர் மாற்றும்போது பற்சக்கரங்களின் சுற்றைத் தானாகவே ஒத்துப்போக வைக்கும் சிங்க்ரோமெஷ் முதல் கியருக்குக் கிடையாது. வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது அதற்கு இறக்க வேண்டுமானால் க்ளட்சை இரண்டு தடவை மிதித்து, நடுவே ஆக்சிலரேட்டரைத் தட்டி இன்ஜின் சுற்றை ஏற்றிக் கொடுக்க வேண்டும். சரியாக அமைந்தால் கியர் தானாகவே உள்ளே விழும். தப்பினால் கறகறவென்று தெருவுக்கே கேட்கும். ஒவ்வொரு தடவையும் எனக்கு மார்க் போடுகிற கார் இது. மின்சாரக் காரில் மிதித்தால் போகும், அவ்வளவுதானே? ஓட்டுகிறவருக்கு அதில் என்ன வேலை?

மௌன மோட்டார்:
அந்த வரி என்னுடையதுதான். இப்போதும் அதே கட்சிதான்.

நான் வைத்திருப்பது டெஸ்லாவின் முதல் ரோட்ஸ்டர், 2008இல் வர ஆரம்பித்ததே, அது. லோட்டஸ் எலீஸ் என்ற எடை குறைந்த பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் காரை அடிப்படையாக வைத்துச் செய்தது. பவர் ஸ்டீயரிங் கிடையாது. முன்சக்கரம் ஒரு சின்னக் கல்லில் ஏறினாலும் உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். ஸ்டீயரிங் பேசுவதற்கும் பெட்ரோலுக்கும் என்ன சம்பந்தம் சார்?

“மிதித்தால் போகும்” என்றீர்கள். வளைவின் நடுவில் காலை ஒரு நூல் அளவு தளர்த்திப் பாருங்கள். எந்த கியர், எத்தனை சுற்று என்ற கேள்வியே இல்லாமல் அந்தக் கணமே மோட்டாரே பிரேக் போலப் பின்சக்கரங்களைப் பிடித்து இழுக்கும், எடை முன்னால் சாயும், மூக்கு உள்பக்கம் திரும்பும். ஈரச் சாலையில் சட்டென்று காலை எடுத்தால் பின்பக்கம் வழுக்கவும் செய்யும். இதற்கும் கால் பழக வேண்டும். உங்களுக்கு மூன்று மிதிகளில் இருக்கிற வேலை எனக்கு ஒன்றிலேயே இருக்கிறது.

பழசு என்ற பெருமைதான் முக்கியம் என்றால் அதையும் பேசிவிடலாம். மணிக்கு 100 கிலோமீட்டரை முதன்முதலில் தாண்டிய கார், 1899இல் கமீல் ஜெனாட்ஸி ஓட்டிய லா ஜமே கோந்தாந்த். அது பேட்டரி வண்டி!

13ஆம் நம்பர் ஸ்பானர்:
ரோட்ஸ்டரைக் காட்டி மின்சாரக் கார்கள் அத்தனைக்கும் வக்காலத்து வாங்காதீர்கள்.

1996இல் வந்த எலீஸ் சுமார் 725 கிலோ. உங்கள் ரோட்ஸ்டரின் பேட்டரி மட்டுமே ஏறத்தாழ 450 கிலோ, முழுக் காரும் 1,300 கிலோவை ஒட்டி வரும். பரவாயில்லை, பழைய ஜாகுவார் ஈ-டைப்பும் அந்தச் சுற்றுவட்டாரம்தான். ரோட்ஸ்டருக்கு அப்புறம் வந்த மின்சாரக் கார்களைப் பாருங்கள். போர்ஷே டைகான் இரண்டு டன்னுக்கு மேல். 1,914 குதிரைசக்தி உள்ள ரிமாக் நெவேராவும் இரண்டு டன்னைத் தாண்டுகிறது. நேர்ச்சாலையில் முதுகை இருக்கையோடு ஒட்ட வைத்துவிடும், மறுக்கவில்லை. ஆனால் அந்த வியப்பு சீக்கிரம் பழகிப்போகிறது.

எடை ஏறினால் டயர் அகலமாக வேண்டும், ஸ்பிரிங் விறைப்பாக வேண்டும், அந்த டயரைத் திருப்ப பவர் ஸ்டீயரிங் வேண்டும். கடைசியில் சாலையில் நடப்பது எதுவும் கைக்கு வந்து சேராது. மோட்டார் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கூடவே சுமந்து வருகிற மூட்டைதான் பிரச்சினை.

வளைவு ராணி:
அந்த மூட்டை எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள் அண்ணே. தரையோடு தரையாக, இரண்டு அச்சுகளுக்கும் நடுவில். அதனால்தான் கனமான மின்சாரக் கார்கூட வளைவில் அதிகம் சாயாமல் திரும்புகிறது.

எடையைக் குறைக்கவே முடியாது என்றும் இல்லை. ஃபோக்ஸ்வாகன் ஐடி ஆர் என்ற மின்சாரப் பந்தயக் கார் 1,100 கிலோவுக்கும் குறைவு. 2018இல் ரோமைன் டுமாஸ் அதில் அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையை 7 நிமிடம் 57.148 விநாடியில் ஏறினார். 156 வளைவுகள். அதற்கு முந்தைய சாதனை 2013இல் செபாஸ்டியன் லோப் பெட்ரோல் காரில் எடுத்த 8 நிமிடம் 13.878 விநாடி. மேலே போகப் போகக் காற்று மெலியும், இன்ஜினுக்கு மூச்சு வாங்கும். மோட்டாருக்கு அந்தக் கவலை இல்லை.

கார்பரேட்டர் காதலன்:
சாதனை டுமாஸுக்கு. நம் யாருக்கும் அந்தக் கார் கிடைக்கப் போவதில்லை. ஸ்டாப்வாட்ச் வைத்து சந்தோஷத்தை அளப்பதென்றால் நான் எப்போதோ வண்டியை விற்றிருப்பேன்.

சத்தத்துக்கு என்ன பதில்? ஹூண்டாயின் ஐயானிக் 5 N என்ற மின்சாரக் காரில், இல்லாத கியரை இருப்பதுபோல் நடித்து, ஸ்பீக்கரில் இன்ஜின் சத்தம் போடுகிறார்கள். ஏக்கம் யாருக்கு என்று இப்போது சொல்லுங்கள்.

மௌன மோட்டார்:
அந்த நாடகம் எனக்கும் பிடிக்காது. மோட்டார் மோட்டாராகவே இருக்கட்டும்.

வளைவு ராணி:
எனக்குப் பிடிக்கும், ஒருவரும் அடிக்க வராதீர்கள். வளைவுக்குள் எவ்வளவு வேகத்தில் நுழைகிறோம் என்பதைக் காதுதான் முதலில் சொல்கிறது. சத்தமே இல்லாத காரில் ஓட்டப்பாதைக்குப் போனால் கண் அடிக்கடி வேகமானிக்கு ஓடும், வளைவைப் பார்க்க வேண்டிய நேரத்தில். போலிச் சத்தமாக இருந்தாலும் தகவல் போலி இல்லை. வேண்டாதவர்களுக்கு அணைத்து வைக்க வசதி இருக்கிறது.

13ஆம் நம்பர் ஸ்பானர்:
ராணி சொல்வதில் விஷயம் இருக்கிறது, ஆனால் காது ஓட்டும்போது மட்டும் வேலை செய்வதில்லை. இன்ஜினுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து அனுப்பும் எஸ்யூ கார்பரேட்டர் இரண்டையும் சமப்படுத்தும்போது ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்பரேட்டர் வாயிலும் வைத்து, “உஸ்” என்கிற சத்தம் இரண்டிலும் ஒரே மாதிரி வரும்வரை திருகுவோம். பிறகு கார்பரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை லேசாகத் தூக்கிப் பார்ப்பது. சுற்று ஒரு நொடி ஏறி அடங்கினால் கலவை சரி. ஏறியது அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். இன்ஜின் திணறினால் குறைவு. எந்தக் கணினியும் வேண்டாம். உங்கள் ரோட்ஸ்டரின் மின்னணுப் பலகை போய்விட்டால் திருப்புளியை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

மௌன மோட்டார்:
உங்கள் ரப்பர் குழாய்கள் மட்டும் சாகாவரம் வாங்கி வந்தவையா? எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைத் தின்றுவிடுகிறது. வால்வு இருக்கைகளைத் தேயாமல் காத்த ஈயப் பெட்ரோல் போன பிறகு அவற்றை மாற்றியவர்கள் எத்தனை பேர்? அதற்கெல்லாம் ஆர்வலர்கள் வழி கண்டுபிடித்தார்கள். பலகைக்கும் கண்டுபிடிப்பார்கள்.

புதுமுகம்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். 1970களின் சின்ன ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. இன்ஜின் புகை தள்ளுகிறது. பேசாமல் மோட்டார் வைத்துவிடலாமா?

கார்பரேட்டர் காதலன்:
கூடவே கூடாது! பழங்கார்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிவா, அப்படி மாற்றிய காரை வரலாற்றுக் காராகவே ஏற்பதில்லை.

மௌன மோட்டார்:
சான்றிதழையா ஓட்டப் போகிறார்? ஜாகுவாரே 2017இல் ஈ-டைப் ஜீரோவைக் காட்டியது. பேட்டரியும் மோட்டாரும் பழைய இன்ஜின், கியர்பாக்ஸ் இருந்த இடத்திலேயே உட்கார்ந்தன. பிற்பாடு பழைய இன்ஜினைத் திரும்ப வைத்துக்கொள்ளவும் முடியும். எடையும் அசலைவிடக் குறைவு, ஸ்பானர் கவனிக்க.

13ஆம் நம்பர் ஸ்பானர்:
கவனித்தேன். அதே கணக்கில் ஒரு முறை சார்ஜில் எவ்வளவு தூரம் போகும் என்பதையும் போடுங்கள்.

புதுமுகம், இவர்கள் இரண்டு பேர் பேச்சையும் இப்போதைக்குக் கேட்காதீர்கள். முதலில் இன்ஜினைச் சூடாக்கி, பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷனையும், அதாவது உள்ளே ஏறும் அழுத்தத்தையும், அளந்து எழுதுங்கள். குறைவாக இருக்கும் சிலிண்டரில் ஒரு கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளக்கவும். எண் நன்றாக ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வையோ ஹெட் கேஸ்கெட்டையோ பாருங்கள். புகை என்ன நிறம் என்றும் சொல்லுங்கள்.

புதுமுகம்:
நீலம். பெரும்பாலும் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு மறுபடி மிதிக்கும்போது.

13ஆம் நம்பர் ஸ்பானர்:
அப்படியானால் சிலிண்டருக்குள் ஆயில் கசியாமல் தடுக்கும் வால்வு சீலாகவே இருக்கலாம், சின்ன வேலை. அளந்துவிட்டு எண்களைப் போடுங்கள்.

மௌன மோட்டார்:
எண்கள் மோசமாக வந்தால் எனக்குத் தனிமடல் அனுப்புங்கள்.