மறு: ‘காப்பிலெஃப்ட்’ - அளிப்புரிமை போதுமா?

ஐயா, அம்மா, நண்பர்களே,

பாடக்குறிப்பு நாளை மாலை அச்சுக்குப் போகிறது. இத்தனை மடல்களுக்குப் பிறகும் ‘காப்பிலெஃப்ட்’டுக்கு ஒரு தமிழ்ச்சொல் படியவில்லை. மென்பொருளை யாரும் மாற்றலாம், பகிரலாம்; பகிர்ந்தால் அதே உரிமத்தில்தான் பகிர வேண்டும் என்ற ஏற்பாட்டுக்குத்தான் அந்தப் பெயர்.

> வலம், இடம் என்ற எதிர்நிலையை விடக் கூடாது. ‘இடவுரிமை’யே நேர்ச்சொல்.

ஆங்கிலத்தில் ‘ரைட்’ என்றால் உரிமையும் உண்டு, வலமும் உண்டு. அந்தச் சிலேடை தமிழில் நிற்காது. ‘இடவுரிமை’ என்றதும் மனைப் பட்டாதான் நினைவுக்கு வரும்.

> ‘அளிப்புரிமை’ ஏற்கெனவே புழங்குகிறது. ஏன் கலைக்க வேண்டும்?

வகுப்பில் அச்சொல்லைக் கரும்பலகையில் எழுதியதும் ஒரு மாணவி எழுந்து, “அப்படியென்றால் இதை விற்கக் கூடாதா, சார்?” என்று கேட்டார். காப்பிலெஃப்ட் வகை உரிமமான ஜிபிஎல் விற்பனையைத் தடுப்பதே இல்லை. விற்கிறவர் வாங்குகிறவருக்கு மூலநிரலையும் (சோர்ஸ் கோடு) அதே உரிமத்தில் தர வேண்டும், அவ்வளவுதான். மாற்றியதைத் தன் அலுவலகத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டால் அதுவும் வேண்டியதில்லை. ‘அளிப்பு’ கொடையைச் சொல்கிறது; கடமையைச் சொல்லவில்லை. 2003இல் லிங்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டருக்குள் ஜிபிஎல் உரிமம் கொண்ட லினக்ஸ் இருப்பது தெரியவந்தபோது மூலநிரலை வெளியே கொண்டுவந்தது அந்தக் கடமைதான். அதிலிருந்துதான் ரவுட்டர்களுக்கான கட்டற்ற மென்பொருளான ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டம் முளைத்தது. உள்ளே இருந்தது, மூலநிரலைத் தரச் சொல்லாத எம்ஐடி உரிம நிரலாக இருந்திருந்தால் நிறுவனம் மூடியே வைத்திருக்கலாம். (அவ்வகைக்கு ‘இசைவுரிமம்’ என்று முன்பே ஒப்புக்கொண்டோம். அதை மீண்டும் கிளற வேண்டாம்.)

> ஈ, தா, கொடு மூன்றையும் தொல்காப்பியர் பிரித்தார். ஒப்போன் கூற்று ‘தா’. ஆகவே ‘தருவுரிமை’.

ஐயா, இழிந்தோன் ‘ஈ’ என்றும், ஒப்போன் (சமமானவன்) ‘தா’ என்றும், உயர்ந்தோன் ‘கொடு’ என்றும் கேட்பான் என்ற அந்த நூற்பாவை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காது. ஆனால் அங்கே மூன்றும் இரப்பவன் வாய்ச்சொற்கள். உரிமத்தில் பேசுகிறவர் நிரலை எழுதியவர்; அவர் கேட்கவில்லை, விதிக்கிறார். தொல்காப்பியர் வழியிலேயே போனால் உயர்ந்தோன் கூற்றான ‘கொடு’ அல்லவா பொருந்தும்?

நான் முதலில் சொன்னது, வம்சாவழி என்ற பொருளில், ‘கால்வழி உரிமம்’. நடைபாதை என்று படித்துவிடுவார்கள் என்றீர்கள். சரி, அதே பொருள் தரும் ‘கொடிவழி உரிமம்’ என்று மாற்றினேன். ஒரு நிரலிலிருந்து கிளைக்கும் நிரல்களுக்கும் அதே உரிமம் இறங்கும் என்பது அந்தச் சொல்லிலேயே தெரிகிறது. எழுத்துப்பெயர்ப்பே போதும் என்ற நண்பருக்கு: ‘காப்பிலெஃப்ட்’டைக் கேட்கும் மாணவருக்கு ஒலி கிடைக்கும், பொருள் கிடைக்காது.

எண்ணிப் பார்த்ததில் அளிப்புரிமைக்கு ஐவர். கொடிவழிக்கு என்னோடு சேர்த்து இருவர். பெரும்பான்மைக்குக் கட்டுப்பட்டு ‘அளிப்புரிமை’ என்றே அனுப்புகிறேன். ‘பெற்ற உரிமத்திலேயே பிறருக்கும் தர வேண்டும்’ என்று பக்கத்தில் ஒரு வரி சேர்க்கிறேன். ‘கொடிவழி உரிமம்’ அடைப்புக்குறிக்குள் இருக்கும். அதை மட்டும் நீக்கச் சொல்லாதீர்கள்.