டீன் ஏஜ் பிள்ளையோட இங்கிலாந்து கிளம்பறீங்களா? யூத் சென்டர் பத்தி ஒரு நீளமான பதிவு

லீவுக்குத் தருமபுரி வந்து பத்து நாளாச்சு. அதுக்குள்ள மூணு குடும்பம் வீட்டுக்கு வந்து விசாரிச்சுட்டுப் போயிட்டாங்க. எல்லாருமே நர்ஸ் வேலைக்குக் கிளம்பறவங்க, பெங்களூர்ல இருந்து ஃப்ளைட். குக்கர் எடுத்துட்டுப் போகலாமா, கேழ்வரகு மாவு எத்தனை கிலோ கட்டறது, ஜெர்கின் இங்கயே வாங்கிடலாமான்னு கேட்டாங்க. எல்லாத்துக்கும் பதில் சொன்னேன். பாலக்கோட்டுல இருந்து வந்த தங்கச்சி கூட அவங்க பையனும் வந்திருந்தான், 14 வயசு. திண்ணையில உக்காந்து செல்லைப் பாத்துட்டு இருந்தான். "இவன் அங்க சாயங்காலம் எங்க போவான், யோசிச்சீங்களா"ன்னு கேட்டேன். "ஸ்கூல் விட்டா வீட்டுக்கு வந்துடுவான்கா"ன்னாங்க.

ஏழு வருசம் முன்னாடி நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போனப்ப நானும் அப்படித்தான் நினைச்சேன். அதனாலதான் இதை எழுதறேன்.

அங்க ஸ்கூல் மூணேகால், மூணரைக்கு விட்டுடும். வார்டுல பகல் ஷிஃப்ட்னா நான் வீடு வந்து சேர ராத்திரி எட்டரை ஆயிடும். வீட்டுக்காரர் வேலை முடிஞ்சு ஏழு மணிக்கு வருவார். டிசம்பர்ல நாலு மணிக்கே இருட்டிடும். தருமபுரியில இருந்தவரைக்கும் என் பையனுக்கு டியூஷன் இருந்தது, தெருவுல பசங்க இருந்தாங்க, சித்தப்பாவோட சைக்கிள் கடை இருந்தது. எங்க போனாலும் "யார் வீட்டுப் பையன்"னு தெரிஞ்ச ஒரு கண்ணு அவனைப் பாத்துட்டே இருக்கும். அங்க போனதும் அவனுக்கு மிஞ்சினது ஒரு ரூமும் ஒரு போனும்தான். நாலு மாசம் ஒருத்தர்கிட்டயும் பேசாம இருந்திருக்கான். மத்தியானம் தனியாத்தான் சாப்பிடறான்னு ஸ்கூல்ல இருந்து போன் வந்தப்பதான் எனக்கே தெரிஞ்சது. அதைக் கவனிக்க அவங்களுக்கு நாலு மாசம் ஆச்சேங்கிற வருத்தம் இன்னும் இருக்கு. எனக்கும்தானே ஆச்சு.

என்கூட வேலை பாக்கிற கேரளாக்கார அக்கா ஒருத்தங்கதான் சொன்னாங்க, லைப்ரரிக்குப் பின்னாடி யூத் சென்டர் இருக்கு, வியாழக்கிழமை கூட்டிட்டுப் போன்னு.

யூத் சென்டர்னா என்னன்னு நம்ம ஊர்ல ஒப்பிட்டுச் சொல்றது கஷ்டம். நம்ம ஊர் இளைஞர் மன்றம் மாதிரி கொஞ்சம், ஆனா கட்சி, ரசிகர் கூட்டம், திருவிழா வசூல் எதுவும் கிடையாது. பெரிய ஹால், டேபிள் டென்னிஸ், பூல் டேபிள், ஒரு சமையலறை, சில இடத்துல பாட்டு ரெக்கார்ட் பண்ற ரூம். பாத்துக்கறவங்களை யூத் வொர்க்கர்னு சொல்வாங்க. அவங்க வாத்தியாரும் இல்ல, போலீஸும் இல்ல. பிள்ளைங்களோட பழகறதையே படிச்சு வேலையா பாக்கிறவங்க. வேலைக்குச் சேரும் முன்னாடி டிபிஎஸ்னு குற்றப் பின்னணி பாக்கிற சோதனை உண்டு. முக்கியமான விஷயம், பிள்ளை தானா விரும்பி வரணும். வருகைப் பதிவுக்கு வர்ற இடம் இல்ல அது. பிடிக்கலன்னா எழுந்து போயிடலாம்.

இது யாரோ போடற தர்மம்னு நினைச்சுக் கூச்சப்பட வேண்டாம். 13ல இருந்து 19 வயசு வரைக்கும் இருக்கிறவங்களுக்கு, முடிஞ்ச அளவு ஓய்வுநேரச் செயல்பாடுகள் கிடைக்க வழி பண்றது கவுன்சிலோட, அதாவது அந்த ஊர் உள்ளாட்சியோட, கடமைன்னு இங்கிலாந்தோட 1996 கல்விச் சட்டத்துலயே இருக்கு. கற்றல் குறைபாடு இருக்கிறவங்களுக்கு அது 24 வயசு வரைக்கும். ஆனா உள்ளதைச் சொல்லணும்: 2010க்கு அப்புறம் பணத்தை வெட்டினதுல நிறைய சென்டரை மூடிட்டாங்க. சில ஊர்ல வாரத்துல ரெண்டு சாயங்காலம்தான் திறக்கும். சில ஊர்ல சர்ச்சோ, தொண்டு அமைப்போ, ஃபுட்பால் கிளப்போ நடத்தும். லைப்ரரியில கேளுங்க, ஸ்கூல்ல பிள்ளைங்க நலனைப் பாத்துக்கற டீச்சர்கிட்ட கேளுங்க. சர்ச் நடத்தினாலும் பொதுவா எந்த மதத்துப் பிள்ளையும் போகலாம்.

அடுத்தது எல்லாரும் ரகசியமா கேக்கிற கேள்வி. நம்ம விசாவுல "அரசுப் பண உதவி கிடையாது"ன்னு ஒரு நிபந்தனை இருக்குமே, பிள்ளை அங்க போனா விசாவுக்குப் பிரச்சனை வருமா? வராது. அந்த நிபந்தனை சைல்ட் பெனிஃபிட் (பிள்ளை வளர்க்க அரசு கொடுக்கிற பணம்), யுனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைஞ்சவங்களுக்கான உதவி), கவுன்சில் வீடு மாதிரியான குறிப்பிட்ட உதவித்தொகைகளைத்தான் சொல்லுது. ஸ்கூல் படிப்பு அந்தப் பட்டியல்ல இல்ல, யூத் சென்டரும் இல்ல. இந்தப் பயத்துலயே ஒரு வருசம் பிள்ளையை வெளிய விடாம வச்சிருந்த குடும்பத்தை எனக்குத் தெரியும். கேட்டப்ப மனசு ஆறல.

முதல் நாள் எப்படி இருக்கும்னு சொல்றேன், அதுக்குத் தயாரா போகணும். அங்க இருந்த யூத் வொர்க்கர் பொண்ணு, இருபத்தஞ்சு வயசு இருக்கும், என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. நேரா என் பையனைப் பாத்து "உன்னை என்னன்னு கூப்பிடணும்"னு கேட்டா. நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அவ சிரிச்சுட்டு அவனையே பாத்துட்டு நின்னா. அவன் சொல்றவரைக்கும் காத்திருந்தா. ஃபாரத்துல அலர்ஜி, டாக்டர், அவசரத்துக்குக் கூப்பிட நம்பர், போட்டோ எடுக்கச் சம்மதமா, இதெல்லாம் கேட்டிருந்தது. அப்புறம் என்னை வாசல்லயே அனுப்பிட்டாங்க. ரெண்டு மணி நேரம் கார்லயே உக்காந்திருந்தேன்.

மூணு வாரம் செவுத்தோரமா நின்னுட்டு வந்தான். யாரும் அவனை இழுக்கல, "ஏன் விளையாட மாட்டேங்கிற"ன்னு கேக்கல. நாலாவது வாரம் பின்பக்க ஷெட்டுல சைக்கிள் ரிப்பேர் நடந்திருக்கு. ஊர்க்காரங்க வேண்டாம்னு கொடுத்த சைக்கிளைப் பிள்ளைங்களே பிரிச்சுச் சரி பண்ணணும். ஆறு வாரம் ஒழுங்கா வந்து முடிச்சா அந்தச் சைக்கிள் அவங்களுக்கே. ஒரு பொண்ணு டியூபுல காத்து எங்க போகுதுன்னு தெரியாம காதுகிட்ட வச்சுக் கேட்டுட்டு இருந்திருக்கா. இவன் பேசாம போய் ஒரு பக்கெட்ல தண்ணி புடிச்சுட்டு வந்து, டியூபைத் தண்ணிக்குள்ள அமுக்கிக் கொஞ்சங் கொஞ்சமா நகத்தினான். வால்வுல இருந்து ஒரு சாண் தள்ளி முட்டை முட்டையா வந்தது. அந்த இடத்தைப் பேனாவால வட்டம் போட்டு, துடைச்சு, உப்புத்தாள்ல தேய்ச்சு, சொல்யூஷன் தடவி, ஊதிக் காய வச்சு, பேட்சை ஒட்டிக் கட்டை விரலால அழுத்திப் புடிச்சுட்டு நின்னான். நான் கூப்பிட வந்தப்ப இந்தக் கடைசிப் பாதியைக் கண்ணால பாத்தேன். அவனைச் சுத்தி நாலு பேர் குனிஞ்சு பாத்துட்டு இருந்தாங்க. "அடுத்த வாரம் நீயே இவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கறியா"ன்னு யூத் வொர்க்கர் கேட்டா. தலையாட்டினான். அன்னைக்கு ராத்திரி வீட்டுல மூணு இங்கிலீஷ்காரப் பிள்ளைங்க பேரைச் சொன்னான். எங்க சித்தப்பா கடைக்கு அன்னைக்கே போன் போட்டு அழுதுட்டேன்.

உங்க பிள்ளைக்குச் சைக்கிளா இருக்கணும்னு இல்ல. சமையல் நாள், பாட்டு, நாடகம், செடி வளர்க்கறது, ஒவ்வொரு ஊர்லயும் ஒவ்வொண்ணு இருக்கும். 1956ல இருந்து நடக்கிற டியூக் ஆஃப் எடின்பரோ அவார்டு பத்திக் கண்டிப்பா விசாரிங்க. 14 வயசுல இருந்து 24 வரைக்கும். வெண்கலம், வெள்ளி, தங்கம்னு மூணு படி. தன்னார்வ வேலை, உடற்பயிற்சி, ஒரு திறமை, அப்புறம் நடைப்பயணம். வெண்கலத்துக்கு ரெண்டு நாள் நடந்து ஒரு ராத்திரி கூடாரத்துல தங்கணும். மழைக் கோட்டு, முதுகுப் பை எல்லாம் சென்டர்லயே இரவல் கிடைக்குதான்னு கேளுங்க, கடைக்கு ஓடாதீங்க. வேலைக்கும் காலேஜுக்கும் மனுப் போடறப்ப இது உதவும்.

வேலைன்னதும் ஞாபகம் வருது. அங்க 13 வயசுக்கு மேல சின்னச் சின்ன வேலை பாக்கலாம், ஆனா கட்டாயக் கல்வி வயசுல (ஏறக்குறைய 16 வரைக்கும்) இருக்கிறவரைக்கும் கவுன்சில் அனுமதி வேணும். சி.வி. எழுத, இன்டர்வியூவுக்குப் பழக, 16 வயசுக்கு அப்புறம் எந்த காலேஜ், எந்தப் படிப்புன்னு யோசிக்க, எல்லாத்துக்கும் சென்டர்ல உக்காந்து உதவி பண்றாங்க. இங்கிலாந்துல 18 வயசு வரைக்கும் படிப்புலயோ பயிற்சியிலயோ இருந்தாகணும். சைல்ட் பெனிஃபிட் வாங்கற வீட்டுப் பிள்ளைக்கு வேலைக்குச் சேர வேண்டிய நேஷனல் இன்சூரன்ஸ் நம்பர் 16 வயசுக்குள்ள தானா தபால்ல வந்துடும். நமக்கு அப்படி வராது, நாமதான் விண்ணப்பிக்கணும்.

கிருஷ்ணகிரியில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க: "அக்கா, பொண்ணை எப்படி அனுப்பறது? அங்க என்ன சொல்லித் தருவாங்களோ." புரியுது தங்கச்சி. நிறைய சென்டர்ல பொண்ணுங்களுக்கு மட்டும்னு தனி நாள் இருக்கு, அதுல ஆரம்பிங்க. உடம்பு, பாலுறவு பத்தி நர்ஸ்கிட்ட ரகசியமா பேசற வசதியும் சில இடத்துல இருக்கும். 16 வயசுக்குக் கீழ இருந்தாலும், பிள்ளை புரிஞ்சு பேசறான்னு டாக்டர் முடிவு பண்ணினா பெத்தவங்களுக்குச் சொல்லாம ஆலோசனை கொடுக்கலாம்னு 1985லயே தீர்ப்பு இருக்கு. நர்ஸா சொல்றேன், செல்லுல தேடித் தப்பா தெரிஞ்சுக்கறதை விட இது எவ்வளவோ மேல்.

இன்னொண்ணும் சொல்லிடறேன், கோவிச்சுக்காதீங்க. நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் குழந்தைத் திருமணத்தை அதிகாரிங்க தடுத்து நிறுத்தற செய்தி இன்னும் வந்துட்டேதான் இருக்கு. 2023 பிப்ரவரி 27ல இருந்து இங்கிலாந்து, வேல்ஸ்ல கல்யாண வயசு ரெண்டு பேருக்கும் 18. அதுக்குக் கீழ இருக்கிற பிள்ளைக்கு ஏற்பாடு பண்றதே குற்றம். கட்டாயப்படுத்தலன்னாலும், ஊருக்குக் கூட்டிட்டு வந்து பண்ணினாலும், பதிவு பண்ணாம கோயில்ல தாலி கட்டினாலும் குற்றம்தான். பொண்ணு சென்டர்ல வாய்விட்டுச் சொன்னா அவங்க உடனே மேல தெரிவிப்பாங்க. அது அவளுக்கு ஒரு காவல்னுதான் நான் பாக்கிறேன்.

அடிக்கிற விஷயமும் அதே மாதிரி. பிள்ளை பேசறதைப் பொதுவா ரகசியமா வச்சுப்பாங்க, ஆனா அவனுக்கு ஆபத்துன்னு தோணினா வச்சுக்க மாட்டாங்க, முதல் நாளே அதைச் சொல்லியும் விடுவாங்க. ஸ்காட்லாந்துல 2020ல இருந்தும் வேல்ஸ்ல 2022ல இருந்தும் பிள்ளையை அடிக்கிறதுக்கு எந்தச் சாக்கும் கிடையாது. இங்கிலாந்துல சட்டம் இன்னும் அந்த அளவுக்குப் போகலன்னாலும், தடம் பதியற மாதிரி அடிச்சா கேஸ்தான். கோவம் வந்தா நீங்க வெளிய போய் நடந்துட்டு வாங்க.

வீட்டுல உடம்பு முடியாத பாட்டியோ, குறைபாடுள்ள தம்பியோ இருந்து, மூத்த பிள்ளை பாத்துக்குதுன்னா அந்தப் பிள்ளையை "யங் கேரர்"னு சொல்வாங்க. அதுக்கு என்ன உதவி வேணும்னு கவுன்சில் கணக்கெடுக்கணும்னு 2014 சட்டம் சொல்லுது. நம்ம வீட்டுல "அக்கா பாத்துக்குவா"ன்னு சாதாரணமா விட்டுடறோம். அந்த அக்காவுக்கும் வாரம் ஒரு சாயங்காலம் வேணும். சென்டர்ல சொல்லுங்க, வழி காட்டுவாங்க. டாக்டர்கிட்ட போறப்ப பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீங்க, இலவசமா மொழிபெயர்ப்பாளர் கேட்டு வாங்கலாம்.

சென்டர் மூடியிருக்கிற நேரத்துல பிள்ளைக்கு யார்கிட்டயாவது பேசணும்னா சைல்ட்லைன் இருக்கு, 0800 1111. நம்ம ஊர் 1098 மாதிரி, காசு கிடையாது. இறங்கின அன்னைக்கே போன்ல பதிஞ்சு கொடுங்க.

நான் இன்னும் இருபது நாள் தருமபுரியிலதான் இருப்பேன். கிளம்பறவங்க யாராவது பாக்க வர்றதா இருந்தா, பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க. அவங்ககிட்டயும் தனியா கொஞ்ச நேரம் பேசணும்.