கோப்பை நீக்கிய பிறகும் கிட் புஷ் மறுக்கப்படுகிறது

கேள்வி

வணக்கம். மூன்று நாள் வேலையை கிட்டில் நான்கு கமிட்டுகளாக (மாற்றப் பதிவுகளாக)ப் பதிந்துவிட்டு நேற்றிரவு கிட்ஹப் சர்வருக்குப் புஷ் செய்தேன், அதாவது அனுப்பினேன். ‘சர்வே.சிஎஸ்வி’ என்ற கோப்பு 142 எம்பி இருப்பதால் 100 எம்பி வரம்பை மீறுகிறது என்று சொல்லி, ‘ப்ரீ-ரிசீவ் ஹூக் டிக்லைன்ட்’ (ஏற்கும் முன் நடக்கும் சோதனையில் மறுப்பு) என நிராகரித்துவிட்டது. முதல் கமிட்டில் அது தெரியாமல் சேர்ந்திருக்கிறது. அதை நீக்கி ஐந்தாவது கமிட்டும் போட்டுவிட்டேன். அப்படியும் அதே பிழை வருகிறது. எல்லாம் ஏறி முடிந்த பிறகே மறுப்பு வருவதால் கைப்பேசியின் டேட்டாவும் தீர்ந்துகொண்டிருக்கிறது.

பதில் 1

‘எச்டிடிபி.போஸ்ட்பஃபர்’ (அனுப்பும்போது கிட் பயன்படுத்தும் தற்காலிக நினைவகம்) அளவைக் கூட்டிப் பாருங்கள். எனக்கு ஒருமுறை அதில் சரியானது.

பதில் 2

போஸ்ட்பஃபர் இங்கே உதவாது. அது உங்கள் கணினி அனுப்பும் விதத்தைப் பற்றியது, மறுப்பதோ வந்து சேர்ந்ததைச் சோதிக்கும் சர்வர். கட்டாயப்படுத்தி அனுப்பும் ‘--ஃபோர்ஸ்’ போட்டாலும் இதே பதில்தான் கிடைக்கும்.

சர்வரிடம் இல்லாத கமிட்டுகள் அனைத்தும் புஷ்ஷில் போவதால், ஐந்தாவதில் நீக்கிய கோப்பு முதலாவதில் அப்படியே இருந்து கூடவே பயணிக்கிறது. ‘கிட் லாக் --ஒன்லைன் ஆரிஜின்/மெயின்..ஹெட்’ கொடுத்து (‘ஆரிஜின்/மெயின்’ என்பது உங்கள் கணினி கடைசியாக அறிந்த சர்வர் நிலை, ‘ஹெட்’ உங்கள் கடைசிக் கமிட்) ஐந்து கமிட்டுகள்தாமா என்று எண்ணிக்கொண்டு, ‘கிட் ரீசெட் --சாஃப்ட் ஹெட்~5’ கொடுங்கள். ஐந்து கமிட்டுகளும் கலைந்து, உங்கள் மாற்றங்கள் ஸ்டேஜில் (அடுத்த கமிட்டுக்கான தயார் நிலையில்) அப்படியே நிற்கும். கடைசிக் கமிட்டில் கோப்பு இல்லாததால் அது அங்கே இராது. கிட் கண்டுகொள்ளக் கூடாதவற்றைப் பட்டியலிடும் ‘.கிட்இக்னோர்’ கோப்பில் அதன் பெயரைச் சேர்த்துவிட்டு ஒரே கமிட்டாகப் பதியுங்கள்.

எண்ணுவதற்குச் சோம்பி ‘ஆரிஜின்/மெயின்’ என்றே ரீசெட் செய்பவர்கள் உண்டு. இடையில் ஃபெட்ச் செய்திருந்து (சர்வரில் புதிதாக உள்ளதை இறக்கியிருந்து), அதில் சக ஊழியரின் கமிட் வந்திருந்தால், உங்கள் ஸ்டேஜில் அவருடைய மாற்றங்கள் இல்லாததால் உங்கள் புதிய கமிட் அவருடைய வேலையைச் சத்தமில்லாமல் அழித்துவிடும்.

பதில் 3

கமிட்டுகள் தனித்தனியாகவே இருக்க வேண்டுமென்றால் பழைய கமிட்டுகளிலிருந்தே கோப்பை நீக்கும் ‘கிட் ஃபில்டர்-ரெப்போ’ கருவியைப் பயன்படுத்தலாம். கோப்பே களஞ்சியத்தில் தேவை என்றால் பெரிய கோப்புகளைத் தனியே சேமிக்கும் கிட் எல்எஃப்எஸ் வழி. 50 எம்பியைத் தாண்டும்போதே கிட்ஹப் எச்சரித்துவிடும். அந்த வரிகளை நாம்தான் படிப்பதில்லை.

கேட்டவர்

ஹெட்~5 முறை பலித்தது. ஆனால் அதற்குள் சக ஊழியர் ஒருவர் புஷ் செய்திருந்ததால் ‘ஃபெட்ச் ஃபர்ஸ்ட்’ (முதலில் இறக்கிக்கொள்) என்று புதிய மறுப்பு வந்தது. அவருடைய கமிட்டை இறக்கி அதன் மேல் என்னுடையதை வைக்கும் ‘கிட் புல் --ரீபேஸ்’ கொடுத்த பின் சில நொடிகளில் ஏறிவிட்டது. மிக்க நன்றி.