நாயின் இதயப் புழு: டாப்ளர் எக்கோ எங்கே எடுக்கலாம்?

அண்ணன்மாரே, அக்காமாரே, எங்க ஊர் குழித்துறை. எங்க மணிக்கு இதயப் புழு நோய். இதயம் எந்த அளவுக்குக் கெட்டிருக்குன்னு தெரியாம சிகிச்சை பாதியில நிக்குது.

நாட்டு நாய், ஆண், 6 வயசு, 17 கிலோ. ஆனி மாசம் ராத்திரி வறட்டு இருமல்ல தொடங்குச்சு. ஆடியில கொஞ்சம் நடந்தாலே இளைப்பு. இப்போ வயித்துல நீர் கோத்திருக்கு. நேத்து ரப்பர் தோட்டத்து ஏத்தத்துல மயங்கியே விழுந்துட்டான். மூத்திரம் காப்பி நிறமா போனா உடனே தூக்கிட்டு வரச் சொல்லியிருக்கார் டாக்டர். இதுவரை அப்படி இல்ல.

ரத்தத்தை மைக்ரோஸ்கோப்ல பார்த்தப்போ புழுக்குஞ்சு தெரிஞ்சுது. நம்ம பக்கம் தோலுக்கடியில வாழுற இன்னொரு வகைப் புழுவும் உண்டு. அதோட குஞ்சும் ரத்தத்துல இருக்கும். அதனால இதயப் புழுவுக்கான ஆன்டிஜன் ரத்த டெஸ்டும் எடுத்தோம், பாசிட்டிவ். எக்ஸ்ரேல வலது பக்க இதயமும் நுரையீரல் தமனியும் பெருசாயிருக்கு. டாக்ஸிசைக்ளின்ங்கிற ஆன்டிபயாட்டிக்கும் நீர் இறங்க ஃபுரோஸ்மைடும் கொடுக்கிறோம்.

நுரையீரல் தமனியில அழுத்தம் எவ்வளவு, புழு இதயத்தோட வலது மேலறைக்குள்ள வந்துடுச்சான்னு டாப்ளர் எக்கோலதான் (இதயத்தையும் ரத்த ஓட்டத்தையும் காட்டுற ஸ்கேன்) தெரியும். அது பார்க்காம புழுவைக் கொல்ற ஊசி போட மாட்டேன்னு டாக்டர் சொல்றார். செத்த புழு நுரையீரல் ரத்தக்குழாயை அடைச்சிடும்ங்கறது நியாயமான பயம்தான். மார்த்தாண்டம், நாகர்கோவில்ல விசாரிச்ச ஸ்கேன் சென்டர்கள்ல நாய்க்கு எடுக்க மாட்டோம்னுட்டாங்க. சென்னை வரைக்கும் பயணம் இவன் தாங்க மாட்டான்.

நாகர்கோவில், திருநெல்வேலி, திருவனந்தபுரம், இந்த மூணு ஊர்ல நாய்க்கு டாப்ளர் எக்கோ இப்போ எடுக்கிற இடம் எது?