கையால் வரைந்த மனிதர்கள், கணினியில் செய்த தேர்: இரண்டும் ஒட்டாமல் நிற்பது ஏன்?

தேரடித்தெரு:

அனைவருக்கும் வணக்கம். அனிமேஷன் படிப்பின் இறுதியாண்டுக்காக நான்கு நிமிடக் குறும்படம் ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறேன். தேரோட்டத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடும் ஒரு முதியவரும், அந்த வேலையை அவரிடம் கற்றுக்கொள்ள விரும்பும் பேத்தியும்தான் கதை. மனிதர்கள் அனைவரையும் தாளில் பென்சிலால் வரைந்து ஸ்கேன் செய்கிறேன். தேரை மட்டும் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்திருக்கிறேன். அத்தனை மரச்சிற்பங்களையும் சுமந்துகொண்டு தெருமுனையில் திரும்பும் தேரை ஒவ்வொரு படமாக வரைந்து முடிக்க என் ஒருத்தியால் இயலாது.

படம் நொடிக்கு 24 ஃபிரேம். மனிதர்களை இரண்டு ஃபிரேமுக்கு ஒரு படம் என்ற கணக்கில், நொடிக்கு 12 படங்களாக வரைகிறேன். தேரும் அவ்வாறே இரண்டிரண்டு ஃபிரேமாக நின்று நகரும்படி ஸ்டெப்டு இன்டர்பொலேஷன் மாடிஃபையரைச் சேர்த்திருக்கிறேன். கைவரைவு போலத் தட்டையாக நிறம் தரும் டூன் ஷேடரும் கருங்கோடும் கொடுத்தாயிற்று. தனித்தனியே பார்த்தால் இரண்டும் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் தாத்தா குனிந்து கட்டையைச் சக்கரத்தின் அடியில் செருகும் ஷாட்டில், கட்டை சக்கரத்தைத் தொடுகிறது என்று கண் நம்ப மறுக்கிறது. மெல்லிய நடுக்கம் ஒன்று இருந்துகொண்டே இருக்கிறது. படத்தின் உயிரே அந்த ஷாட்தான். நிழலைச் சரிசெய்ய வேண்டுமா, வண்ணத்தை மாற்ற வேண்டுமா, அல்லது தேரையும் கையால்தான் வரைந்தாக வேண்டுமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஒளிமேசை:

வண்ணத்தையும் நிழலையும் இப்போதைக்குத் தொட வேண்டாம். நீங்கள் சொல்லும் நடுக்கம் பெரும்பாலும் எண்ணிக்கைப் பிழையால் வருவது. இரண்டு ஃபிரேமுக்கு ஒரு படம் என்பதை இரு பக்கமும் கடைப்பிடித்தால் மட்டும் போதாது. இரண்டும் ஒரே ஃபிரேமில் மாற வேண்டும். பிளெண்டரின் காலக்கோடு இயல்பாக 1இல் தொடங்குகிறது. ஆகவே உங்கள் வரைபடங்கள் 1, 3, 5 என மாறிக்கொண்டிருக்கும். ஆனால் நீங்கள் சேர்த்த மாடிஃபையர் 0இலிருந்து எண்ணுவதால், எண்ணத் தொடங்கும் ஃபிரேமைக் குறிக்கும் ஆஃப்செட் மதிப்பை 0 என்றே விட்டிருந்தால் தேர் 2, 4, 6 ஆகிய ஃபிரேம்களில்தான் நகரும். கை முதலில் நகர, சக்கரம் ஒரு ஃபிரேம் பிந்தி நகர்கிறது. அந்த ஒரு ஃபிரேமில் கட்டைக்கும் சக்கரத்துக்கும் இடையே இடைவெளி விழுந்து, அடுத்ததில் மூடிக்கொள்கிறது. நொடிக்கு 12 முறை இது நிகழ்வதைத்தான் நடுக்கமாகக் காண்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஆஃப்செட்டை 1 ஆக்கிவிட்டு, அந்த ஷாட்டை ஒவ்வொரு ஃபிரேமாகத் தள்ளிப் பாருங்கள். மோஷன் பிளர், அதாவது அசைவில் தெரியும் மங்கல், போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். பென்சில் கோட்டுக்கு அது இல்லாதபோது சக்கரத்துக்கு மட்டும் இருக்கக் கூடாது.

கேமராவையும் கவனியுங்கள். கேமரா ஒவ்வொரு ஃபிரேமிலும் நகர்ந்துகொண்டிருக்க, மனிதர்கள் இரண்டு ஃபிரேமுக்கு ஒருமுறையே மாறினால், தரையில் ஊன்றிய கால்கூட வழுக்கும். ஒன்றையொன்று தொடும் ஷாட்களில் கேமராவை அசைக்காமல் வைப்பதே நல்லது. அசைத்தே தீர வேண்டுமானால் அதையும் இரண்டிரண்டாக நிறுத்துங்கள், அல்லது அந்தச் சில நொடிகளுக்கு மட்டும் ஃபிரேமுக்கு ஒரு படம் என வரையத் துணியுங்கள்.

கரிக்கோல்:

மேலே சொன்னதை முதலில் செய்து பாருங்கள். அதன்பின் யோசிக்க வேண்டியது, கைவரைவுக்கும் கணினிக்கும் இடையிலான எல்லையை எங்கே வைப்பது என்பது. மனிதர்கள் ஒரு பக்கம், தேர் மறுபக்கம் என்று நீங்கள் பிரித்திருக்கிறீர்கள். பார்வையாளரின் கண் போய் நிற்கும் இடத்திலேயே அந்த எல்லை விழுகிறது. என்னைக் கேட்டால், கை தொடும் பொருள் எதுவானாலும் அதைக் கையாலேயே வரைய வேண்டும். முட்டுக்கட்டையை வரைந்துவிட்டீர்கள், நல்லது. வடத்தையும் முழுக்க வரையுங்கள். தேரில் அது பிணைந்திருக்கும் இடத்தை மட்டும் ரெண்டரில் (கணினி உருவாக்கித் தரும் படத்தில்) ஒரு புள்ளியாகக் குறித்துக்கொண்டால், ஒவ்வொரு படத்திலும் வடத்தின் முனையை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கலாம். தேரில் தொங்கும் தொம்பைகளையும் தேர்ச்சீலையையும் துணி சிமுலேஷனிடம் விட்டுவிடாதீர்கள். அவற்றை ரெண்டரின்மேல் தனி லேயராக வரைந்தால், தேரின் விளிம்பு முழுவதும் உங்கள் பென்சில் வந்து அமர்ந்துவிடும். உள்ளே இருப்பது கணினி என்பதைக் கண் பொருட்படுத்தாது.

அடுத்தது கோடு. 1999இல் வெளிவந்த தி அயர்ன் ஜெயன்ட் படத்தில் இரும்பு மனிதன் கணினியில் செய்யப்பட்டவன், சிறுவன் உட்பட மற்றவர்கள் கையால் வரையப்பட்டவர்கள். கணினிக் கோடு அளவுக்கு மீறித் துல்லியமாக இருந்ததால், அதற்குச் சிறிது தள்ளாட்டம் கொடுக்கவே அவர்கள் தனியாக நிரல் எழுதினார்கள். உங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. பிளெண்டரின் லைன் ஆர்ட் வசதி தேரின் விளிம்புகளைக் கிரீஸ் பென்சில் எனும் திருத்தக்கூடிய கோடுகளாகத் தருகிறது. அவற்றின்மேல், கோட்டைச் சற்றே தள்ளாடச் செய்யும் நாய்ஸ் மாடிஃபையரை மிகக் குறைந்த அளவில் சேர்த்து, இரண்டு ஃபிரேமுக்கு ஒருமுறை மட்டும் மாறும்படி ஸ்டெப் மதிப்பை 2 என வையுங்கள். அளவு கூடினால் கோடுகள் ஓயாமல் துடித்து, தேர் கொதிக்கத் தொடங்கிவிடும். தேர் கனமானது, உங்கள் மனிதர்களின் கோட்டைவிட அதன் கோடு குறைவாகவே அசைய வேண்டும்.

பழையதாள்:

அந்த ஒரு ஷாட் அத்தனை முக்கியம் என்றால், இன்னொரு வழியும் உண்டு, கொஞ்சம் உடலுழைப்பு வேண்டும். டிஸ்னி 1986இல் வெளியிட்ட தி கிரேட் மவுஸ் டிடெக்டிவ் படத்தில், பிக் பென் கடிகாரத்தின் பற்சக்கரங்களைக் கணினியில் இயக்கி, அவற்றின் கோட்டுருவத்தை மட்டும் பிளாட்டர் எனும் கோடு வரையும் எந்திரத்தில் தாளாக எடுத்து, அதைச் செல் எனும் ஒளிபுகும் தாள்களுக்கு மாற்றி வண்ணம் தீட்டினார்கள். சுழற்சியின் கணக்கைக் கணினி பார்த்துக்கொண்டது; திரையில் நாம் பார்த்தது மற்றப் பாத்திரங்களைப் போலவே செல்லில் தீட்டப்பட்ட சக்கரங்களை.

நீங்களும் அந்த நெருக்கக் காட்சிக்கு மட்டும் சக்கரத்தின் கோடுகளை அச்செடுத்து, அடியிலிருந்து ஒளி வரும் லைட் பாக்ஸில் வைத்து, கட்டையை வரையும் அதே பென்சிலால் மேலே வரையுங்கள். ஷாட் மூன்று நொடி என்றால் 36 தாள்கள். இரண்டு மூன்று நாள் வேலை. வெளிர்நீலத்தில் அச்செடுத்தால் ஸ்கேன் செய்தபின் அந்த நீலத்தை எளிதாக நீக்கிவிடலாம்.

தேரடித்தெரு:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பிழை ஆஃப்செட்டில்தான் இருந்தது. தேரின் நகர்வுக்கு அதை 1 ஆக்கியும் நடுக்கம் போகவில்லை. பிறகுதான் சக்கரத்தின் சுழற்சிக்குத் தனியாக இன்னொரு மாடிஃபையர் இருப்பதும், அதன் ஆஃப்செட் 0ஆகவே கிடப்பதும் கண்ணில் பட்டன. அதையும் மாற்றியபின் கட்டை சக்கரத்தோடு நின்றுவிட்டது. இருந்தாலும் அந்த மூன்று நொடிகளை அச்செடுத்து வரைவதென்றே முடிவு செய்திருக்கிறேன். முதல் ஆறு தாள்களை எடுத்தேன். பிரிண்டர் ஒவ்வொரு தாளையும் சிறிது வேறுபட்டு இழுப்பதால், ஒன்றன்மேல் ஒன்றாக நகராமல் பொருத்துவதற்காக முன்பே துளையிட்ட தாள்களில் சக்கரத்தின் படம் இடம் மாறி விழுகிறது. இதை எப்படிச் சரிசெய்வது?

பழையதாள்:

வெறும் தாளில் அச்செடுங்கள். துளையிடுவது அதற்குப் பிறகுதான். ரெண்டரிலேயே நான்கு மூலைகளிலும் சிறிய கூட்டல் குறிகளை வைத்து, அச்செடுத்த தாள்களை லைட் பாக்ஸில் முதல் தாளின் குறிகளோடு ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திக்கொண்டு, துளையுள்ள பட்டைகளை ஒவ்வொன்றின் அடியிலும் ஒட்டுங்கள். வரைந்து முடித்தபின் ஸ்கேனிலும் அதே குறிகளை வைத்துச் சரிபார்த்துவிட்டு நீலத்தை நீக்குங்கள்.