ஒரே டாக்கர் இமேஜ், இரண்டு கடல்கள்: தென்கடல் தளத்திலும் வடகடல் காற்றே வருகிறது

மண்டபத்திலிருந்து:
வணக்கம். படகு உரிமையாளர்கள் சிலருக்காகக் காற்று நிலவரம் காட்டும் தளம் ஒன்றை நெக்ஸ்ட் ஜேஎஸ் 15 என்ற வலைச் சட்டகத்தில் எழுதியுள்ளேன். கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளித்தாலும் வடகடல் (பாக் விரிகுடா) அடங்கிக் கிடக்கும் என்பதால், தளத்தைப் பொதியாக்கிய ஒரே டாக்கர் இமேஜை இரண்டு கண்டெய்னர்களாக (தனித்தனியே இயங்கும் பிரதிகளாக) ஓட்டி, எந்தக் கடல் என்பதை 'நெக்ஸ்ட்_பப்ளிக்_கடல்' என்ற சூழல் மாறியாக டாக்கர் ரன் கட்டளையில் கொடுக்கிறேன். கண்டெய்னருக்குள் பார்த்தால் மதிப்பு 'தென்கடல்' என்றே இருக்கிறது. உலாவியிலோ இரண்டு தளங்களிலும் வடகடல்தான். கேஷை அழித்தும் பயனில்லை. ஜூன் 14-உடன் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் இறங்குமுன் இதைச் சரிசெய்தாக வேண்டும்.

தொண்டியிலிருந்து:
நெக்ஸ்ட்_பப்ளிக்_ என்று தொடங்கும் மாறியின் மதிப்பு, பில்ட் (தளத்தின் கோப்புகளைத் தயாரிக்கும் படி) ஓடும்போதே ஜாவாஸ்கிரிப்ட் கோப்புக்குள் வெறும் எழுத்தாகப் பதிந்துவிடும். உலாவிக்குப் போகும் கோப்பில் மாறி என்ற ஒன்றே இருக்காது. அதன்பின் டாக்கர் ரன்னில் எதைக் கொடுத்தாலும் அதைப் படிக்க ஆளில்லை. பில்ட் கோப்புறையின் ஸ்டாட்டிக் பகுதியில் 'வடகடல்' என்று கிரெப் செய்து (கோப்புகளுக்குள் சொல்லைத் தேடி) பாருங்கள். முன்னொட்டை நீக்கி, மாறியைச் சர்வர் காம்பொனென்டில் (சர்வரிலேயே இயங்கும் பகுதியில்) படித்து, வரைபடத்துக்கு ப்ராப்பாக (உள்ளீடாக) அனுப்புங்கள். (அந்த முன்னொட்டோடு ரகசியச் சாவி எதையும் வைத்திருந்தால் உடனே மாற்றிவிடுங்கள்; அது ஊரறிந்த ரகசியமாகியிருக்கும்.)

மண்டபத்திலிருந்து:
கிரெப்பில் சிக்கியது, நன்றி. புரொடக்‌ஷன் என்வ் கோப்பில் (சூழல் மாறிகளை எழுதி வைக்கும் கோப்பு) நானே 'வடகடல்' என்று எழுதி வைத்திருந்தேன். முன்னொட்டை அங்கும் நீக்கிவிட்டு, நீங்கள் சொன்னபடியே சர்வரில் படித்து அனுப்பினேன். ஆனாலும் தென்கடல் தளத்தில் வடகடலே வருகிறது!

கீழக்கரையிலிருந்து:
சர்வரில் படிப்பது சரிதான். எப்போது படிக்கிறது என்பதில்தான் சிக்கல். பில்ட் முடிவில் வரும் பட்டியலில் உங்கள் பக்கத்தின் அருகே வட்டக் குறி இருந்தால், அந்தப் பக்கம் பில்டின்போதே ஹெச்டிஎம்எல்லாகத் தயாராகிவிட்டது என்று பொருள். மாறியைப் படிக்கும் வரிக்கு முன், நெக்ஸ்ட்/சர்வர் தொகுப்பிலுள்ள கனெக்‌ஷன் செயற்கூற்றை அவெயிட் செய்தால் (அது முடியும்வரை காத்திருக்கச் செய்தால்), ஒவ்வொரு கோரிக்கையின்போதும் மதிப்பு புதிதாகப் படிக்கப்படும்.

என்வ் கோப்பிலிருந்து அந்த வரியையே எடுத்துவிடுவது நல்லது. அது இருந்தால், கட்டளையில் மதிப்பைக் கொடுக்க மறந்த நாளில் தளம் சத்தமில்லாமல் வடகடலைக் காட்டும். அவெயிட்டுக்குப் பின் மதிப்பு காலியாக இருந்தால் பிழையை வீசச் செய்யுங்கள். தென்கடலுக்குப் போகிறவருக்கு வடகடல் காற்றைக் காட்டுவதைவிடப் பக்கம் திறக்காமலே இருக்கலாம்.

மண்டபத்திலிருந்து:
வட்டம் போய் எஃப் போன்ற குறி வந்துவிட்டது. இரண்டு தளங்களும் இப்போது அவரவர் கடலைக் காட்டுகின்றன. மாறியைக் கொடுக்காமல் ஓட்டியபோது, நீங்கள் சொன்னபடியே பக்கம் பிழையோடு நின்றது.